பென்குயினிடம் மட்டும் சொன்ன விஷயம்

அதிகம் வாய் திறக்காதவர்கள் மனதுக்குள்ளும் பேசமாட்டார்கள் என்று வாயாடிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தத் தப்பு. நாங்கள் உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருப்போம். வெளியே வர வழியில்லாததால் அது சேர்ந்துகொண்டே போகும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி, நிரம்பி வழிகிற அன்றைக்குத்தான் தெருவுக்கே விஷயம் தெரியும்.

என்னுடையது வழிந்த அன்றைக்கு, டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு ஹால் நிறைய உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. அதுவும் சுவர் அளவு எழுத்தில்.

அதற்கு முன்னால் என் பென்குயினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் மாப்பிள்ளை சரவணனுக்கு நொய்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மற்ற மாப்பிள்ளைகள் மாமியார் வீட்டுக்கு வந்தால் ஸ்வீட் டப்பா கொண்டு வருவார்கள். இவர் ஒயர் கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் போன பிறகு முனீர்க்காவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தேன். எனக்குப் பொழுது போகட்டும் என்று ஒருநாள் பழைய லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அத்தை, இது ரொம்பப் பழசு. விண்டோஸ் போட்டா மூச்சு வாங்கும். நான் லினக்ஸ் போட்டிருக்கேன்" என்றார், டாக்டர் ஊசி போட்டதைச் சொல்கிற தோரணையில்.

"அம்மாவுக்கு மிக்ஸியில ஸ்பீடு மாத்தவே பயம். அவங்களுக்குப் போய் லினக்ஸா?" என்றாள் என் மகள் மாலதி.

மூடியின் ஓரத்தில் மாப்பிள்ளை ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அதில் வயிறு பெருத்த ஒரு பென்குயின், சாப்பாடு முடிந்து வெற்றிலைக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. லினக்ஸின் சின்னமே அதுதானாம். எனக்கு அதைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. லினக்ஸ் என்ற பெயர் வாயில் நுழையாததால் மெஷினுக்கே பென்குயின் என்று பெயர் வைத்துவிட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. விண்டோஸில் பழகியவர்கள் பழகியதை மறந்துவிட்டு இதைப் பழக வேண்டும். எனக்கு மறப்பதற்கு ஒன்றுமே இல்லை. (அஞ்சாம் கிளாஸோடு நின்றதில் இப்படியும் ஒரு சௌகரியம்.) ஆங்கில எழுத்து பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத் தெரியும். தமிழை அந்த எழுத்திலேயே தட்டினால் அதுவாகத் தமிழாக்கிக்கொள்ள ஒரு வசதியும் செய்து கொடுத்திருந்தார் மாப்பிள்ளை. போதாதா? கோலம் வரைந்து பார்த்தேன். பேப்பர் படித்தேன். ஊரில் இருக்கிற தங்கச்சியோடு முகம் பார்த்துப் பேசினேன்.

காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் பென்குயினைத் திறந்து, கறுப்புத் திரை ஒன்றை வரவழைத்து, மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்த வரியை ஒற்றை விரலால் அடிப்பேன். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடும். அதற்கு என்னென்ன புதுசாக வேண்டுமோ எல்லாவற்றையும் அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஓடி முடித்து நின்றால், வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு நிம்மதி.

எதிர்வீட்டு குர்மீத் ஒருநாள் தயிருக்கு உறை மோர் வாங்க வந்தவள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டாள். "அரே ஆன்ட்டிஜி! ஹேக்கிங் கர் ரஹே ஹோ?" என்று, ஏதோ அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நான் புகுந்துவிட்டதுபோல நெஞ்சில் கை வைத்தாள். நான் வழக்கம்போல் சிரித்து வைத்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து எங்கள் சந்தில் எனக்குத் தனி மரியாதை. மார்க்கெட்டில் சார்ஜர் மாற்றப் போனபோது கடைக்காரர் திறந்து பார்த்து, "மாதாஜி, இஸ்மே வைரஸ் ஆ கயா. சப் சாஃப் கர்னா படேகா" என்றார். எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டுமாம்! கத்தரிக்காய்க்குக்கூட பேரம் பேசத் தெரியாத நான், கைக்குழந்தையைப் பறிப்பதுபோல லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு நாள் யாரோ போன் போட்டு, உங்கள் விண்டோஸில் வைரஸ் இருக்கிறது என்று இந்தியில் பயமுறுத்தினான். "மேரே பாஸ் பென்குயின் ஹை" என்றேன், என்னிடம் இருப்பது பென்குயின் என்று. அவனே போனை வைத்துவிட்டான்.

ஆக, எனக்குத் தலைக்கனம் ஏற ஆரம்பித்திருந்தது. இது முக்கியம்.

இப்போது பாஸ்வேர்டுக்கு வருகிறேன். அந்தக் கறுப்புத் திரையில் எது செய்வதானாலும் முதலில் பாஸ்வேர்ட் கேட்கும். நான் மாலதி என்று வைத்திருந்தேன். மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

"மகள் பேரை எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க அத்தை. நீளமா இருக்கணும், ஒரு வாக்கியம் மாதிரி. உங்களுக்கு மறக்கவே கூடாது. ஆனா அதை நீங்க இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லியிருக்கவும் கூடாது."

இப்படிச் சொல்லிவிட்டு நாகரிகமாக முதுகைத் திருப்பிக்கொண்டார். நான் யோசித்தேன். மறக்கவே முடியாதது. யாரிடமும் சொல்லாதது. அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வந்து விரல் நுனியில் நின்றது. ஒரே ஒரு சங்கடம், அது அவருடைய அம்மாவைப் பற்றியது.

என் சம்பந்தி திலகவதி டீச்சர் டெல்லியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல். துவாரகாவில் சொந்த ஃப்ளாட். மாலதி கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். பொரியல் அற்புதமாக இருக்கும், ரசம் அமிர்தம். சாம்பார் மட்டும்...

எப்படிச் சொல்வது? தட்டில் ஊற்றினால் அது சோற்றில் நிற்காது. சோற்றைத் தாண்டி ஓடி, பொரியலை நனைத்து, அப்பளத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஓயும். நடுவில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு யமுனையில் படகு போவதுபோலப் போகும். பருப்பு போட்டதாக டீச்சர் சொல்வார். நாங்கள் நம்பிக்கொள்வோம்.

"எப்படி இருக்கு சம்பந்தியம்மா?" என்று கரண்டியோடு பக்கத்தில் வந்து நிற்பார். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கிற அதே குரல்.

"நல்லா இருக்கு டீச்சர்."

"அப்ப இன்னும் ரெண்டு கரண்டி."

பொய் சொன்னதற்கு உடனுக்குடன் தண்டனை கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆகவே பென்குயினில் அடித்தேன்: சம்பந்தி சாம்பார் தண்ணி.

அந்தக் கறுப்புத் திரையில் ஒரு விசேஷம். மற்ற இடங்களில் பாஸ்வேர்ட் அடித்தால் புள்ளி புள்ளியாகவாவது வரும். இதில் ஒன்றுமே தெரியாது. எழுத்து விழுகிறதா, விரல் சும்மா ஆடுகிறதா என்றே புரியாது. முதலில் பயந்து போனேன். "தெரியாது அத்தை, அதுதான் அதோட அழகு. நம்பி அடிச்சுட்டு என்டர் தட்டுங்க" என்றார் மாப்பிள்ளை. நம்பி அடித்தேன். அது ஒத்துக்கொண்டது.

அதிலிருந்து தினமும் காலையில், காபிக்கு முன்னால், யார் கண்ணுக்கும் தெரியாமல் சம்பந்தி சாம்பார் தண்ணி என்று சொல்வேன். பென்குயினும் மறுபேச்சில்லாமல் சரி என்று வேலையை ஆரம்பிக்கும். என் வாழ்க்கையில் என் அபிப்பிராயத்தை ஒரு தடவைகூட மறுக்காத ஜீவன் அது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

இப்படி இருக்கையில் என் வீட்டுக்காரர் (வாடகை வீட்டுக்காரரைச் சொல்கிறேன்) கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். விஷயம் காதில் விழுந்ததும் டீச்சரே போன் செய்தார்.

"எங்க வீட்டுப் பின் ரூம் சும்மாதானே கிடக்கு? வந்துடுங்க. பொண்ணு, பேத்தி எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நீங்க மட்டும் எதுக்குத் தனியா?"

"சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். டீச்சருக்கு எழுபத்தைந்து வயது நிறைவதால் பவள விழா ஏற்பாடாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழா, மறுநாள் நான் குடி போவது என்று முடிவாயிற்று. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டேன். அறையில் மீதி இருந்தது ஒரு பாயும் பென்குயினும்தான்.

மாலதி மட்டும் கவலைப்பட்டாள். "அம்மா, விழா நல்லபடியா முடியணும். அத்தை பிரியமாத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஆனா அவங்களுக்கு மனசு கோணிச்சுன்னா அவ்வளவுதான், மாசக்கணக்கா பேசமாட்டாங்க. ரூமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நான் எங்கடி பேசப் போறேன்?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். "உன்னால என்னைக்கும் பிரச்னையே வராது."

அந்த நம்பிக்கை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

விழாவில் டீச்சரின் பழைய போட்டோக்களைச் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை மேடையில் அம்மாவுக்கு மாலை போட வேண்டியவர். யார் செய்வது? நான் கையைத் தூக்கிவிட்டேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால் நாற்காலி தேடுகிற நான்! போட்டோக்களை அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் இரண்டு வார்த்தை எழுதினேன். முதல் பக்கத்தில் 'திலகவதி டீச்சர் பவள விழா' என்று பெரிய தலைப்பு. நாதஸ்வர இசையும் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை மந்திர் முருகன் கோவிலில் அர்ச்சனை முடித்துவிட்டு எல்லோரும் ஹாலுக்கு வந்தோம். மேடைக்குக் கீழே துணி விரித்த மேஜை ஒன்று எனக்கென்றே போட்டிருந்தார்கள். நான் மாம்பழக் கலர் பட்டுப் புடவை. மேஜையில் பென்குயின். நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்திருந்தால் விமானம் ஓட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

மேடையில் ஜோடித்த நாற்காலியில், சுவர்த் திரைக்கு முதுகு காட்டி, டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், என் சம்பந்தி ஐயா. அவருக்குக் காது மந்தம். தன் பேச்சே தனக்குக் கேட்காததால் சத்தமாகப் பேசுவார், ஆனால் பேசுவதே அபூர்வம். மேடை ஓரத்தில் மைக்கோடு என் பேத்தி அனு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. டீச்சரும் விடாமல் அகரவரிசை சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அது தனிக்கதை. டெல்லி முழுக்க எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், சொந்தப் பேத்தியிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஒயரை மாட்டியதும் தலைப்புப் பக்கம் சுவரில் பளிச்சென்று வந்தது. கைதட்டல். நாதஸ்வரம் மட்டும் வரவில்லை.

ஹால்காரப் பையன் வந்து குனிந்து பார்த்தான். "ஆன்ட்டிஜி, ஆவாஸ் நஹீ ஆ ரஹீ. யே கௌன்சா சிஸ்டம் ஹை? மேரா விண்டோஸ்வாலா லகா தூங்?"

தன் விண்டோஸ் மெஷினை மாட்டவா என்கிறான்! அதைச் சொல்லியிருக்கக் கூடாது அவன். "நஹீ பையா. ருக்கோ" என்றேன். வேண்டாம், பொறு என்று சொன்ன என் குரலில் இருந்த அதிகாரத்தைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று மாப்பிள்ளை ஒருமுறை காட்டியிருந்தார். கறுப்புத் திரையைச் சின்னதாக லேப்டாப்பில் வரவழைத்தேன். சுவரில் தலைப்பு அப்படியே நின்றது. வரியை அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் பட்டுப் புடவை முந்தானை சரிந்தது. அதை இழுத்துச் சொருகும்போது முழங்கை எதன் மேலோ பட்டிருக்க வேண்டும். அம்புக்குறி கறுப்புத் திரையை விட்டு எகிறி, தலைப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தமிழ் எழுத்து வசதியைப் போட்டபடியே வைத்திருந்தேன்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் எழுத்துகளைப் பார்த்து ஒற்றை விரலால் அடிக்கிறவள். அடித்தேன். நிமிர்ந்து கறுப்புத் திரையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்தான் தெரியாதே! என்டர் தட்டினேன். சத்தம் வரவில்லை. சரி, எங்கோ விரல் தவறிவிட்டது என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, அழுத்தி அடித்தேன்.

ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். எல்லோரும் நாதஸ்வரத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. அனு. (மைக் அன்றைக்குக் குறையில்லாமல் வேலை செய்தது.)

"சம்... பந்... தி... சாம்... பார்... தண்... ணி."

மேடையில் டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! திரை அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் பார்த்தது பேத்தியை மட்டும்தான், அவள் படித்தது என்ன என்பது மனதில் ஏறவே இல்லை. "அடி என் கண்ணே! தானாவே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளே! எல்லாரும் கேட்டீங்களா? இன்னொரு வாட்டி படி, சத்தமா!"

குழந்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டாவது வரியைப் படித்தாள். மூன்றாவதையும் படித்தாள். மூன்றாவதில் எழுத்துக்கூட்டல்கூட இல்லை, சரளம்.

நான் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். 'திலகவதி டீச்சர் பவள விழா' என்பதற்குக் கீழே, அதே பெரிய எழுத்தில், அதே சிவப்பு நிறத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக என் பாஸ்வேர்ட்.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளில் தெரியாத ஒரே ஆள், இரண்டாவது வரிசையில் இருந்த என் எதிர்வீட்டு குர்மீத். "க்யா லிக்கா ஹை, பேட்டா?" என்று, என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆவலாகக் கேட்டாள்.

அனு மைக்கிலேயே பதில் சொன்னாள். "ஆன்ட்டி, லிக்கா ஹை கி சம்தன் கா சாம்பார் பானி ஹை."

டெல்லியில் எந்த அறிவிப்பும் இரண்டு மொழியில் வந்தால்தானே முழுமை?

நான் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். சுவரில் ஒரு எழுத்துகூட அசையவில்லை. வெளித்திரை மாட்டியிருந்தால் மூடினாலும் தூங்காதாம் அது. (இதை மாப்பிள்ளை பிற்பாடு விளக்கினார். பிற்பாடு!) வேறு வழி தெரியாமல் எழுந்து ஓடிப் போய்த் திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். மறைத்துவிட்டதாகவே நினைத்தேன். ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். புரொஜக்டர் வெளிச்சத்தில் என் மாம்பழக் கலர் புடவை மேல், மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும், வரிசையாகத் தண்ணி, தண்ணி, தண்ணி.

மாப்பிள்ளை மாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தார். "அத்தை, என்ன இது?"

"பாஸ்வேர்ட்" என்றேன். "நீங்கதானே மாப்பிள்ளை, யார்கிட்டயும் சொல்லாததா வைக்கச் சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வேலை புத்தி எங்கே போகும்? "நல்ல பாஸ்வேர்ட்தான் அத்தை" என்றார் மெதுவாக. "யாராலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

டீச்சர் இதற்குள் நாற்காலியிலேயே திரும்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போலப் படித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி ஐயாவும் படித்தார். பிறகு இத்தனை காலமாகச் சேர்த்து வைத்த குரலில் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சரியாத்தானே போட்டிருக்கு!"

அவ்வளவுதான். ஹால் வெடித்துவிட்டது. மேடையில் புரோகிதர்கூட முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர். டீச்சர், மாலதி, நான்.

அதற்குப் பிறகு போட்டோக்கள் ஓடினவா, யார் என்ன பேசினார்கள், எதுவும் எனக்கு நினைவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை மாலதி வாசலில் பிடித்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நாளைக்குச் சாமானைத் தூக்கிட்டு எங்கம்மா போவே?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். கட்டி வைத்த சாக்கு மூட்டைகளும் சுருட்டி வைத்த பாயும் கண்முன் வந்தன. "சாப்பிடாம போனா இன்னும் மோசமாயிடும், வந்து உக்காரு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பந்தியில் கடைசி இலையைப் பார்த்து உட்கார்ந்தேன். அன்றைய சாம்பாரும் டீச்சரே சமையல்காரர் பக்கத்திலேயே நின்று வைக்கச் சொன்னதுதான். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, 'சாம்பார்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, ஜாடை காட்டிக்கொண்டே போனார். என் இலைக்கு வரும்போது வாளி கை மாறியது. நிமிர்ந்து பார்த்தேன். பட்டுப் புடவையும் மாலையுமாக டீச்சர்.

ஊற்றினார். அது சோற்றைத் தாண்டி, பொரியலை நனைத்து, அப்பளத்தைத் தொட்டு நின்றது.

"இப்பச் சொல்லுங்க சம்பந்தியம்மா. எப்படி இருக்கு?"

பந்தியே மெல்லுவதை நிறுத்திவிட்டது. பழக்க தோஷத்தில் என் வாய் 'நல்லா' என்கிற வடிவத்துக்குப் போய்விட்டது. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் அறை கிடைக்குமோ என்னவோ. ஆனால் மூன்று தடவை எழுதி, மூன்று தடவை படித்து, இந்தியிலும் சொல்லியாகிவிட்ட பிறகு யாரை ஏமாற்றுவது?

"தண்ணியா இருக்கு டீச்சர்."

"எவ்வளவு தண்ணி?"

"பருப்பைத் தேடணும்."

எதிர்வரிசையில் யாருக்கோ புரையேறியது.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்குறப்ப பரீட்சை மாதிரியே இருக்கும். நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் பாஸ் போடுவீங்கன்னு நெனச்சேன்."

டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாளி மடியில். கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்தார்.

"இந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்லதான் இருந்தோம். ஞாயித்துக்கிழமைன்னா ஊர்லேர்ந்து வேலை தேடி வந்த பசங்க எத்தனை பேர் சாப்பாட்டுக்கு வருவாங்கன்னே தெரியாது. நாலு பேருக்கு வெச்சா ஒன்பது பேர் நிப்பாங்க. காலிங் பெல் அடிக்க அடிக்க நான் ஒரு சொம்பு ஊத்துவேன். இப்ப யாரும் வர்றதில்ல. கை மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கு போலிருக்கு." கணவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "இந்த மனுஷனும் ஒரு வார்த்தை சொன்னதில்ல பாருங்க."

நான் சாம்பாரை எடுத்துச் சோற்றில் பிசைந்தேன்.

"சரி, அது கிடக்கட்டும்" என்று எழுந்தார் டீச்சர். குரல் பழையபடி ஆகிவிட்டது. "நாளைக்கு டெம்போ எத்தனை மணிக்கு?"

"எந்த டெம்போ?"

"சாமான் வர வேணாமா? பின் ரூமைக் கழுவி வெச்சிருக்கேன். வந்து நீங்க சாம்பார் வைங்க. நான் உக்காந்து மார்க் போடறேன்."

இலைக்குக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தச் சாம்பாரை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு கரண்டி கேட்டும் வாங்கினேன். மாலதி இன்றுவரை அதை நம்பமாட்டேன் என்கிறாள்.

மறுநாள் குடி போனேன். இப்போது அந்தப் பின் அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார் என் பொறுப்பு. டீச்சர் முதல் நாளே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது. சிமென்ட்டா?" என்று கேட்டார். நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டார். சாம்பார் வருவதற்கு முன்னால் அனு, "பாஸ்வேர்ட் ப்ளீஸ்!" என்று கத்துவாள். அதற்கப்புறம் சாப்பாட்டு மேஜையில் யாரும் பொய் சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சம்பந்தி ஐயா எது பரிமாறினாலும் "சரியாத்தானே போட்டிருக்கு!" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். அவருக்கு இப்போது பேச்சு கூடிவிட்டது.

நானும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். என்னவென்று டீச்சர் கேட்டார். "சொல்லக் கூடாதுன்னு உங்க பையன் உத்தரவு" என்றேன்.

டீச்சர் சும்மா இருப்பாரா? "எனக்கும் அந்தப் பென்குயினைப் போட்டுக் குடுடா" என்று மகனிடம் சொல்லி, தன் லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டுவிட்டார். காலையில் நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறக்கிறோம். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு இரண்டு கைகளாலும் அடிப்பார், அடிப்பார், அடித்துக்கொண்டே இருப்பார். என்னுடையதைவிட ரொம்ப நீளம். முடிக்கும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். எட்டிப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. அந்தத் திரையில்தான் ஒன்றும் தெரியாதே.

என்னைப் பற்றி அவர் என்ன எழுதினாலும் எழுதட்டும். தினமும் காலையில் அந்தப் பென்குயின் அதை ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஒத்துக்கொள்கிறது பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.